ஆறு பேர், இரண்டரை மணிநேரம், ஒரு போர்ச்: சுங்கை சிப்புட்டில் ஓர் ஆர்பிஜி தேர்வான விதம்

குழுவும் இடமும்

ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கும் சுங்கை சிப்புட், ரப்பரால் வளர்ந்த ஊர். இப்போது சுற்றிலும் பெரும்பாலும் செம்பனை. தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்தவர்களின் பிள்ளைகள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் வளர்கிறார்கள். இந்த ஆய்வு அப்படி ஒரு தாமான் வீட்டு போர்ச்சில் கூடி ஆர்பிஜி, அதாவது ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு, ஆடும் குழுவைப் பற்றியது.

விளையாடுபவர்கள் ஆறு பேர். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அண்ணன் தம்பி இருவர், மூத்தவனுக்கு அடுத்த ஆண்டு எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வு. ஷிப்டு மாறும் தொழிற்சாலை ஊழியர் ஒருவர், லோரி ஓட்டுநர் ஒருவர், தாதி ஒருவர். ஆறாவது, முப்பது ஆண்டுக்கு மேல் ரப்பர் பால் வெட்டி ஓய்வுபெற்ற ஓர் அம்மா. மேசையில் எல்லாருக்கும் அவர் அத்தை. கதைக்களத்தையும் எதிரிகளையும் கையில் வைத்து ஆட்டத்தை நடத்தும் நடத்துநர் செம்பனை ஆலையில் வேலை செய்யும் இளைஞர், அத்தையின் அண்ணன் மகன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, இரவு 8.30 முதல் 11 வரை என்று நேரம் வைத்தார்கள். முதலில் மாலை நான்கு மணிக்குத்தான் கூடினார்கள். தகரக் கூரையில் மழை இறங்கினால் எதிரில் இருப்பவர் பேச்சே கேட்காது. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு நடக்கும் விளையாட்டுக்கு அந்த நேரம் ஒத்துவரவில்லை.

முதல் தேர்வு ஏன் கவிழ்ந்தது

முதலில் எடுத்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு. பெயர் தெரிந்த விளையாட்டு அதுதான். 1974இல் இந்த வகையையே தொடங்கிவைத்ததும் அதுதான். நான்கு இரவு ஆடி நிறுத்திவிட்டார்கள். விளையாட்டில் குறையில்லை, மேசைக்கு அது பொருந்தவில்லை. எங்கே பொருந்தவில்லை என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். "கஷ்டமா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டால் அடுத்த தேர்வும் அதே குழியில்தான் விழும்.

முதல் காரணம் வருகை. ஆறு பேரில் ஒவ்வொருவரும் நான்கில் மூன்று இரவு வருவார் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஆறு பேரும் ஒன்றாக இருப்பது 100 இரவில் 18 இரவுதான். நான்கு பேராவது இருப்பது 83 இரவு, மூன்று பேராவது இருப்பது 96 இரவு. ஆறு பேருக்கு என்று திட்டமிடும் நடத்துநர் பெரும்பாலான இரவுகளில் தோற்றுத்தான் போவார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எதிரிகளின் பலத்தைக் குழுவின் அளவுக்கும் படிநிலைக்கும் ஏற்ப அளந்து வைக்க வேண்டும். குணப்படுத்தும் பாத்திரம் தாதியிடம் இருந்தது. அவருக்கு இரவு டூட்டி விழுந்த நாளில் தயாரித்த சண்டை முழுவதையும் மாற்ற வேண்டி வந்தது.

இரண்டாவது நேரம். ஐந்து பேர், நான்கு எதிரி என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்பது முறை. புதியவர்கள் தாளைப் பார்த்து, திறனைத் தேடி, பகடை உருட்டிக் கூட்டி முடிக்க முறைக்கு இரண்டரை நிமிடம் ஆகிறது. ஒரு சுற்று 22 நிமிடம், மூன்று சுற்று ஒரு மணிநேரத்தைத் தாண்டும். இரண்டரை மணிநேர இரவில் ஒரு சண்டை பாதியைத் தின்றுவிடும்.

மூன்றாவது மொழி. இதைத்தான் குழு கடைசியாகக் கண்டுபிடித்தது, பெரிய காரணமும் இதுதான். விதிப்புத்தகம் ஆங்கிலம், பாத்திரத்தாள் ஆங்கிலம், மேசைப் பேச்சு தமிழ். ஆங்கிலம் சரளமாகப் படிப்பவர்கள் நடத்துநரும் தாதியும் மட்டுமே. நடத்துநர் அந்தந்த நேரத்தில் வாய்க்கு வந்தபடி மொழிபெயர்த்தார். ஒரே விதி ஒரு இரவு "தப்பிக்கும் உருட்டு" ஆனது, அடுத்த இரவு "தாங்கும் உருட்டு" ஆனது. இரண்டும் வேறு வேறு என்று லோரி ஓட்டுநர் நினைத்துக்கொண்டிருந்தார். அத்தை நான்கு இரவும் கிட்டத்தட்டப் பேசாமலே இருந்தார். அவருக்கு இதில் ஆர்வமில்லை என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது தவறான கணிப்பு.

ஒரு தாள், ஐந்து கேள்வி

அடுத்த விளையாட்டைத் தேடும் முன் நடத்துநர் போட்டோஸ்டாட் கடையில் ஒரு பக்கத் தாள் எடுத்து எல்லாரிடமும் கொடுத்தார். "உங்களுக்கு எந்த மாதிரி கதை பிடிக்கும்?" என்ற கேள்வி அதில் இல்லை. அதைக் கேட்டால் எல்லாரும் "எதுவா இருந்தாலும் சரி" என்பார்கள். வேண்டியது என்னவென்று சொல்லத் தயங்குகிறவரும் வேண்டாததை உடனே சொல்லிவிடுவார்.

கேட்டவை இவை. மாதத்தில் எத்தனை சனி இரவு நிச்சயமாக வர முடியும்? வீட்டில் விதி படித்துவிட்டு வர முடியுமா, முடியாதா? சண்டை, துப்பறிதல், பேரம், பயணம், குடும்பச் சச்சரவு, பேய் ஆகிய ஆறில் இரண்டை அடித்துவிடுங்கள். இரவில் கேட்ட எந்தக் கதை இன்னும் மறக்கவில்லை? எது மேசைக்கு வரவே கூடாது?

விதி படித்துவிட்டு வர முடியும் என்றவர் ஒருவர் மட்டும். குடும்பச் சச்சரவை ஐந்து பேர் அடித்திருந்தார்கள். பேயை ஒருவரும் அடிக்கவில்லை.

கடைசிக் கேள்விக்கு வந்த பதில்கள்தான் இந்தத் தேர்வையே தாங்கி நின்றன. ஜப்பானியர் காலத்துச் சயாம் மரண ரயில் வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் குடும்பத்தில் அங்கே போனவர்கள் உண்டு. 1948 வேண்டாம் என்று இன்னொருவர். அந்த ஆண்டு ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. வெளியூர்க்காரருக்கு அது நல்ல கதைக்களமாகத் தெரியலாம், உள்ளூரில் அது பெரியவர்களின் நினைவு. அத்தையின் தாளில் ஒரே வரி: "முனீஸ்வரரைப் பேயாக்கக் கூடாது."

தோட்டத்துப் பின்னணியில் திகில் கதை எழுதுகிறவர்கள் சட்டென்று கை வைப்பது எல்லைக் காவல் தெய்வத்தின் மேல்தான். கும்பிடுகிறவர் மேசையில் இருக்கும்போது அந்தத் தெய்வத்தை அடித்துக் கொல்லும் மிருகமாகக் காட்டினால், அவர் பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிடுவார். அதன்பின் அவரைத் திரும்ப உள்ளே அழைக்க முடியாது. இந்தக் கேள்வியை வாயால் கேட்கக் கூடாது, எழுதித்தான் வாங்க வேண்டும். பெரியவர் எதிரில் சிறியவரோ, சிறியவர் எதிரில் பெரியவரோ இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

நான்கு சோதனை இரவு

ஒரு விளையாட்டுக்கு ஓர் இரவு, தொடர்கதை கிடையாது, மூன்று பேர் வந்தாலும் ஆட்டம் உண்டு என்று முடிவானது.

முதலில் ஜான் ஹார்ப்பரின் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ். ஒரே பக்கம், இலவசம், சாதாரண 6 முகப் பகடை போதும். ஒவ்வொருவருக்கும் 2 முதல் 5க்குள் ஒரே ஓர் எண். அறிவும் கருவியும் சார்ந்த வேலைக்கு அந்த எண்ணுக்குக் கீழே விழ வேண்டும், மனமும் பேச்சும் சார்ந்த வேலைக்கு மேலே விழ வேண்டும். இதை வைத்தது ஆட்களைச் சோதிக்க. விதியின் பாரம் ஏறக்குறைய இல்லாதபோது யார் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. அத்தை அன்றிரவு விண்கலத்தின் சமையற்காரராகி, கப்பலைப் பிடிக்க வந்தவர்களுக்குச் சோறு போட்டு உட்காரவைத்துப் பேச்சுக்கொடுத்தார். சந்தேகம் அதோடு தீர்ந்தது. நீண்ட நாள் ஆட மட்டும் இது போதாது. மூன்றாவது இரவில் வெறுமை தெரிந்துவிடும்.

அடுத்து கால் ஆஃப் கதுலு என்ற துப்பறியும் திகில் விளையாட்டு. சாண்டி பீட்டர்சன் 1981இல் உருவாக்கியது. ஏழாம் பதிப்பின் தொடக்க விதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. திறன்கள் நூற்றுக்கு இவ்வளவு என்ற எண்ணில், 10 முகப் பகடை இரண்டை உருட்டி ஒன்றைப் பத்தின் இடமாகவும் மற்றதை ஒன்றின் இடமாகவும் படித்து அந்த எண்ணோ குறைவோ வந்தால் வெற்றி. மனநிலையின் சமநிலைக்கு ஒரு எண் இருக்கிறது, பயங்கரத்தைப் பார்க்கப் பார்க்க அது குறையும். நான்கு இரவிலும் போர்ச் மிக அமைதியாக இருந்தது அன்றுதான், எல்லாருக்கும் பிடித்தது. ஆனாலும் இது தேர்வாகவில்லை.

முக்கியக் காரணம் துப்பு. துப்பறியும் கதையில் துப்பு ஒரு கையிருப்புப் பொருள் போல: யாரோ ஒருவரிடம் இருக்கும், அவர் அடுத்த முறை வராவிட்டால் கதை நின்றுபோகும். திறன் 50 உள்ளவர் மூன்று துப்பை ஒன்றன்பின் ஒன்றாக உருட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று கதை கட்டினால், மூன்றும் கிடைக்கும் வாய்ப்பு 12.5 விழுக்காடு. முடிவு ஒன்றுக்கு மூன்று துப்பு வைத்து ஏதாவது ஒன்று போதும் என்று கட்டினால் 87.5. ஜஸ்டின் அலெக்சாண்டர் எழுதிய மூன்று துப்பு விதி சொல்வது இதைத்தான். இப்படிக் கட்ட நடத்துநருக்கு ஒவ்வொரு முறையும் பல மணிநேரத் தயாரிப்பு வேண்டும். ஆலையில் வேலை முடித்து வருபவருக்கு அந்த நேரம் கிடையாது. கையில் கொடுக்கும் கடிதம், பத்திரிகைத் துண்டு எல்லாவற்றையும் தமிழில் எழுதித் தர வேண்டியதும் அதோடு சேரும். மூன்று பேர் மட்டும், தவறாமல் வருபவர்கள் என்றிருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, திருட்டுக் கும்பலாக ஆடும் பிளேட்ஸ் இன் த டார்க், 2017. 6 முகப் பகடைகளில் உயர்ந்ததை எடுப்பது எளிது. ஆனால் பன்னிரண்டு செயல்வகை இருக்கிறது, ஒவ்வொரு உருட்டுக்கும் முன் ஆபத்தின் அளவையும் பலனின் அளவையும் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்தப் பேச்சு முழுவதும் கலைச்சொல்லிலேயே ஓடியது. அதிலிருந்து ஒன்றை மட்டும் குழு எடுத்துக்கொண்டது: "நான் இதை முன்கூட்டியே செய்து வைத்திருந்தேன்" என்று பின்னோக்கிப் போய் ஒரு காட்சியைச் சேர்க்கும் உரிமை, ஓர் இரவுக்கு ஆளுக்கு ஒரு தடவை.

நான்காவது இரவு கெய்ர்ன். யோக்காய் கால் எழுதியது, முதல் பதிப்பு 2020. இருபது சொச்சம் பக்கம்தான். விசித்திரமான ஆட்களும் புதையலும் கொடூரங்களும் நிறைந்த இருண்ட காட்டுக்குள் போய்வருவது அதன் களம். கைவிடப்பட்டுக் காடாகிப்போன தோட்டம், குன்றின் மேல் ஆளில்லாத துரை பங்களா, இடிந்த புகைக்கூடம் என்று அதை மாற்றிக்கொள்ள நடத்துநருக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்றே தன்மை. ஒவ்வொன்றுக்கும் 6 முகப் பகடை மூன்றை உருட்டிக் கூட்டுவது. சாமான் வைக்கப் பத்து இடம். சண்டையில் அடி விழுந்ததா இல்லையா என்ற உருட்டே கிடையாது. அடி விழும், ஆயுதத்தின் பகடையை உருட்டிக் கவசத்தைக் கழிக்க வேண்டியதுதான். கத்திக்கு 6 முகம், வாளுக்கு 8, இரு கைப் போர்க்கோடரிக்கு 10. பலர் ஒரே எதிரியைத் தாக்கினால் எல்லாப் பகடையையும் உருட்டி உயர்ந்த ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். இந்தச் சின்ன விதிதான் வருகைச் சிக்கலைத் தீர்த்தது. மூவர் வந்தாலும் அறுவர் வந்தாலும் எதிரிக்கு விழும் அடி இரட்டிப்பாகாது. நடத்துநர் கணக்கை மாற்ற வேண்டியதில்லை.

அன்று பாத்திரம் உருவாக்க எல்லாருக்கும் சேர்த்து இருபது நிமிடம். அத்தை தன் தாளில் இருந்த பத்துக் கட்டத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, காண்டா வாளி ரெண்டு இடம் பிடிக்குமா?"

"பிடிக்கும் அத்தை. பாரமான சாமான் எல்லாத்துக்கும் ரெண்டு இடம்."

"அப்ப வாளி வேணாம். கயிறு, நெத்தி விளக்கு, ரொட்டி, பால் கத்தி. மங்கு நாலு. மங்கு நாலும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டா ஒரு இடந்தானே?"

காண்டா வாளி தோள்கம்பில் தூக்கும் பால் வாளி, மங்கு மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம். மங்குக் கேள்விக்கு விதியில் பதில் இல்லை. ஒரு இடம் என்று நடத்துநர் ஏற்றுக்கொண்டார். பிறகு பங்களாவின் மரத்தரை சரிந்திருக்கிறதா என்று பார்க்க அத்தை ஒரு மங்கில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்தார். தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நிலவறைக் கதவு அந்தப் பக்கம் இருந்தது. பகடை உருட்டாமலே கண்டுபிடித்தாயிற்று. சாமானையும் யோசனையையும் நம்பி ஆடும் விளையாட்டு இந்த மேசைக்குப் பொருந்தும் என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

சொற்களைத் தமிழில் வைப்பது

கெய்ர்னின் விதிநூல் திறந்த உரிமத்தில் இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் மொழிபெயர்த்துப் பகிரலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித்தொகுப்பும் 2023 ஜனவரியிலிருந்து திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, ஆனால் அது சுமார் 400 பக்கம். கால் ஆஃப் கதுலுவின் தொடக்க விதிகள் இலவசமாகக் கிடைத்தாலும் மொழிபெயர்த்துப் பரப்பும் உரிமை அதோடு வரவில்லை. மேசைப் பேச்சு தமிழில் நடக்கும் குழு விளையாட்டை விலைக்கு வாங்கும் முன் இந்த மூன்றையும் பார்த்தாக வேண்டும்: எத்தனை பக்கம், எத்தனை கலைச்சொல், எந்த உரிமம்.

மூன்று தன்மைக்கும் வலு, லாவகம், நெஞ்சுரம் என்று பெயர் வைத்தார்கள். பாரமில்லாத சாமான் "ஓரிடம்". ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்காரும் களைப்பு "அசதி".

பெரிய தவறு நடந்தது ஒரே சொல்லில். அடியைத் தாங்கும் முதல் எண்ணை "உயிர்" என்று எழுதிவிட்டார்கள். தொடக்கத்தில் அது 6 முகப் பகடை ஒன்றின் அளவுதான். "உயிர் 4" என்று தாளில் பார்த்தவர்கள் மூன்று போனதும் சாகப்போவதாக நினைத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் அது திரும்ப நிறைந்துவிடும் என்றதும், "உயிர் எப்படி அண்ணே தண்ணி குடிச்சா வரும்?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. கெய்ர்னில் அந்த எண் அடிபடாமல் சமாளிக்கும் திறனைக் குறிக்கிறது, உடம்பை அல்ல. அது தீர்ந்த பிறகுதான் அடி வலுவில் இறங்கும். "தாக்குப்பிடிப்பு" என்று மாற்றியதும் விளக்கமே தேவைப்படவில்லை.

ஆபத்திலிருந்து தப்ப 20 முகப் பகடையை உருட்டுவதற்கு "காப்பு உருட்டு" என்ற பெயர் நிலைத்தது. அதில் தன் எண்ணோ அதற்குக் குறைவோ வர வேண்டும். தாயம் ஆடிப் பழகியவர்களுக்குப் பெரிய எண் விழுந்தால் கை தானாக உயர்ந்துவிடும். 18 விழுந்ததும் ஆரவாரம், அடுத்த நொடி அமைதி. பாத்திரத்தாளில் ஒவ்வொரு தன்மையின் கீழும் "இதுவோ, குறைவோ" என்று அச்சடித்த பிறகு இது நின்றது.

பிறகு வந்த சிக்கல்கள்

கெய்ர்ன் தேர்வான பின் இரண்டாவது இரவில் மூத்தவனின் பாத்திரம் செத்தது. தாக்குப்பிடிப்பு 2, வலு 9, கவசம் 1. எதிரியின் 8 முகப் பகடையில் 7 விழுந்தது. கவசம் ஒன்றைக் கழித்தது, தாக்குப்பிடிப்பு இரண்டை வாங்கியது, மீதி நான்கு வலுவில் இறங்கி வலு 5 ஆனது. அந்த 5க்கு எதிராகக் காப்பு உருட்டியதில் 14 வந்தது. அந்த நிலைக்கு குழு வைத்த பெயர் "சாய்தல்": தவழத்தான் முடியும், ஒரு மணிநேரத்துக்குள் யாரும் கவனிக்காவிட்டால் மரணம். மற்றவர்கள் ஓடிப்போயிருந்தார்கள். அவன் அன்றிரவு மிச்ச நேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விதி சரியாகத்தான் நடந்தது. எதிரி கையில் என்ன ஆயுதம், ஓர் அடியில் எவ்வளவு போகும் என்று நடத்துநர் முன்னால் சொல்லாததுதான் தவறு. இவ்வளவு எளிதில் ஆள் சாகும் விளையாட்டில் ஆபத்தை மறைத்து வைப்பது அநியாயம். அதிலிருந்து மூன்று வழக்கம் வந்தது. உருட்டும் முன் அதிகபட்ச இழப்பைச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் இரண்டாவது பாத்திரத்தாள் ஒன்றை நிரப்பித் தயாராக வைத்திருக்க வேண்டும். சந்திக்கும் ஆள் எந்த மனநிலையில் இருக்கிறான் என்று 6 முகப் பகடை இரண்டை முதலில் உருட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னது கெய்ர்னிலேயே இருக்கும் விதி, நடத்துநர் மறந்திருந்தார். 2 வந்தால் பகை, 3 முதல் 5 வரை எச்சரிக்கை, 6 முதல் 8 வரை ஆர்வம், 9 முதல் 11 வரை கனிவு, 12 வந்தால் உதவி. ஆர்வம் விழும் வாய்ப்பு 44 விழுக்காடு, நேரடிப் பகை 3க்கும் குறைவு. இதை உருட்டத் தொடங்கியதும் சண்டைகள் பாதியாகின, பேரம் கூடியது. தொழிற்சாலை ஊழியர் முதன்முறையாக மேசையில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்ததும் அப்போதுதான்.

"லெவல் எப்ப ஏறும்?" என்று தம்பி ஒவ்வொரு முறையும் கேட்டான். கெய்ர்னில் படிநிலை ஏற்றமே கிடையாது. கிடைத்த பொருள், பட்ட தழும்பு, அறிந்த ஆட்கள், அவ்வளவுதான் வளர்ச்சி. கைப்பேசி விளையாட்டில் வளர்ந்தவனுக்கு அது கண்ணில் படாது. மளிகைக் கடைக் கடனுக்கு வைத்திருக்கும் சின்ன 555 புத்தகம் ஒன்றை வாங்கி, யாருக்கு யார் என்ன கடன்பட்டிருக்கிறார், எந்தப் பொருள் எங்கே கிடைத்தது, எந்தத் தழும்பு எப்படி வந்தது என்று ஒவ்வொரு இரவும் எழுதும் பொறுப்பை அவனிடமே கொடுத்தார்கள். கேள்வி முழுவதுமாக நின்றுவிடவில்லை. குறைந்திருக்கிறது.

வருகைக்கு ஒரு விதி: எல்லா இரவும் 10.45க்குப் பாத்திரங்கள் லயத்துக்குத் திரும்பிவிட வேண்டும், காட்டுக்குள் இருக்கும்போது ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. வராதவரின் பாத்திரம் அன்று லயத்தில் தங்கியது என்றாகும், கதையை யாரும் வளைக்க வேண்டியதில்லை. நேரத்தைப் பிடிக்க 10.15க்குத் தாதியின் கைப்பேசி அலாரம் அடிக்கும். அலாரம் அடித்த பிறகு புதுக் கதவு திறக்கக் கூடாது.

பகடை விஷயம் சிறியது, ஆனால் முதல் இரவிலேயே தடுக்கும். ஊர்க் கடைகளில் 6 முகப் பகடை எளிதாகக் கிடைக்கும்; 4, 8, 10, 12, 20 முகங்களை இணையக் கடையில்தான் வாங்க வேண்டியிருந்தது. வந்து சேரும்வரை கைப்பேசிச் செயலியில் உருட்டினார்கள். கையில் கைப்பேசி இருந்தால் கண் புலனத்துக்கு (வாட்ஸ்அப்) போய்விடும். இருவருக்கு ஒரு செட் போதும். உருட்ட பிஸ்கட் டின் மூடி. சிமெண்டுத் தரையில் விழுந்த பகடை போர்ச் ஓரத்து வடிகாலில்தான் போய் நிற்கும்.

நடத்துநரின் தயாரிப்பு இப்போது ஒரு பக்கம்: ஆறு இடம், ஆளுக்கொரு ஆசையோடு மூன்று ஆள், பகடைக்கேற்ப ஆறு சந்திப்பு. எல்லைக் கோயில் வரைபடத்தில் இருக்கிறது. அங்கே எதிரி நுழைவதில்லை, சாமி எதுவும் பேசுவதும் இல்லை. அந்த இரண்டு வரியும் அத்தையைக் கேட்டு எழுதியவை.

அடுத்த ஆண்டு மூத்தவனுக்கு எஸ்பிஎம். தேர்வுக்கு முந்தைய மூன்று மாதம் அவன் வரமாட்டான். அவனுடைய இரண்டாவது பாத்திரம் அந்த மூன்று மாதமும் புகைக்கூடத்தின் கூரையைப் பழுதுபார்க்கும். அவன் திரும்பி வரும் இரவில் கூரை முடிந்திருக்கும், குழுவுக்கு மழை இறங்காத இன்னோர் இடம் இருக்கும். தம்பி இதை 555இல் எழுதிவிட்டான்.